பச்சை மையில் ஒரு கேள்வி

ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுத் தட்டுகளை ஒழித்துவிட்டு, பெவர்லி ஹோல்ராய்ட் மதங்களைக் கழுவ ஆரம்பித்தாள். அவள் கழுவினாள், கணவன் நெவில் துடைத்தான்.

பள்ளிக்கூடம் அரைப்பருவ விடுமுறை விடும்போதெல்லாம் அலமாரியிலிருந்த ஆறு பிளாஸ்டிக் பெட்டிகளையும் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாள். மறுநாள் பள்ளி திறக்கிறது. பெட்டிக்கு ஒரு மதம். பிள்ளைகளின் கைபட்டுப் பிசுபிசுத்துப்போன பித்தளை விளக்குகள், யூதர்களின் ஏழுகிளை மெழுகுவத்தித் தண்டு, சீக்கியர்களின் இரும்புக் காப்பு, ஒரு காதில் பசை வடிந்த பிள்ளையார், சிலுவைகள். குரானை மட்டும் தொட மாட்டாள். அது துணியில் சுற்றியபடி, சமையலறையிலேயே உயரமான இடமான குளிர்பெட்டியின் தலையில் இருந்தது.

ஒவ்வொரு பெட்டி முடிந்ததும் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தாள்.

"எல்லாத்தையும் ஒரே தண்ணில கழுவினா என்ன பெவ்? உள்ள சண்டை போட்டுக்குமா?"

"பெட்டிக்கு ஒரு தண்ணி. இருபத்திரண்டு வருஷமா அப்படித்தான்."

"கடவுளுக்கே இது தெரியாது."

"எந்தக் கடவுளுக்கு?"

நெவில் சிரித்தான். பெவர்லி வேடிக்கையாகக் கேட்கவில்லை. இங்கிலாந்தில் கீத்லி நகரத்து அந்த ஆரம்பப் பள்ளியில் மதங்களைப் பற்றிய பாடத்துக்கு அவள்தான் பொறுப்பு. எதற்கும் 'சிலர்', 'பலர்' என்று சேர்க்காமல் வாக்கியத்தை முடிக்க மாட்டாள். 'முஸ்லிம்கள் பலர் இப்படித் தொழுகிறார்கள்.' 'கிறிஸ்தவர்கள் சிலர் இப்படி நம்புகிறார்கள்.' எல்லா முஸ்லிமும் ஒரே மாதிரி என்று எட்டு வயதுப் பிள்ளை நினைத்துவிடக் கூடாது. வருடத்துக்கு ஒரு பிள்ளையாவது "மிஸ், நீங்க என்ன நம்பறீங்க?" என்று கேட்கும். "இந்தப் பாடம் என்னைப் பத்தி இல்ல, கண்ணு" என்பாள். கையேட்டில் அப்படிச் சொல்லச் சொல்லித்தான் போட்டிருந்தது. நாளடைவில் அந்தப் பதில் வீட்டுக்கும் வந்துவிட்டது. அவளும் நெவிலும் பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டவர்கள். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் தேவாலயப் படி ஏறுகிறவர்கள். அதற்கு மேல் அந்த வீட்டில் அந்தப் பேச்சு எழுந்ததில்லை.

ஏழாவதாக ஒரு பெட்டியும் தரையில் கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் மாவட்டப் பாடத்திட்டத்தில் 'உலகப் பார்வைகள்' என்று ஒன்றைச் சேர்த்தபோது வாங்கியது. மதமே இல்லாதவர்கள், பாதி நம்புகிறவர்கள், தனக்கென்று ஒரு வழி வைத்திருப்பவர்கள் என்று எல்லோரும் அதில் அடக்கம். உள்ளே என்ன வைப்பதென்று பெவர்லிக்குத் தெரியவில்லை. ஒரு துண்டுப் பிரசுரமும், பூமி உருண்டை மாதிரி ஒரு ரப்பர் பந்தும் கிடந்தன.

நாலாம் வகுப்புக்குப் புதிதாக வந்த ஆசிரியை டாம்சினிடம் அந்தப் பெட்டியைப் பற்றி ஒருமுறை பேசப்போய்த்தான் வினை வந்தது. டாம்சினுக்கு இருபத்தாறு வயது. காதில் எலுமிச்சைத் துண்டு மாதிரி தோடு. "அதெல்லாம் பெட்டியில போடற விஷயமா, பெவர்லி? ஆளுங்களைத்தான் கூட்டிக்கிட்டு வரணும்" என்றாள். சொன்னதோடு நிற்கவும் இல்லை. பிள்ளைகள் சாலையைக் கடக்க உதவும் அம்மாளைக் கூட்டிவந்து, எதற்காக வாழ்கிறீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்கவைத்தாள். பிறகு நூலகரை. பிறகு மாமிசம் தொடாத தபால்காரரை. நாலாம் வகுப்பு அறையிலிருந்து வரும் சிரிப்பு பெவர்லியின் அறைச் சுவரைத் தாண்டி வந்தது. இவள் வகுப்பில் பிள்ளைகள் கைகழுவி, வரிசையில் நின்று, விளக்கை ஒருவர் கையிலிருந்து மற்றவர் வாங்கிப் பார்த்து, திருப்பி வைத்தார்கள். ஒழுங்காகத்தான் வைத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் போகவேண்டும் என்பது மட்டும் அவர்கள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"இது ஒடைஞ்சிருக்கு" என்று நெவில் குரான் வைக்கும் மரத் தாங்கியைத் தூக்கிக் காட்டினான். அதைச் செய்ததே அவன்தான். பேருந்துப் பணிமனையில் முப்பத்தாறு வருடம் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவன். "பசை போட்டா ரெண்டு நாள் காயணும். செவ்வாய்க்கிழமை நானே கொண்டுவந்து குடுக்கறேன்."

அப்படித்தான் அவன் செவ்வாய்க்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் போனான். நடைகூடத்தில் டாம்சின் கண்ணில் பட்டான்.

அன்று சாயங்காலம் கோட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "அந்தப் பொண்ணு என்னை வியாழக்கிழமை வந்து பேசச் சொல்லுது."

"எதைப் பத்தி? பஸ்ஸைப் பத்தியா?"

"என்னைப் பத்தியாம்."

"உன்னைப் பத்தி என்ன இருக்கு?"

சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். நெவில் கோட்டை ஆணியில் மாட்டி, அதன் தோள்களைச் சரிசெய்துவிட்டு, உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டான்.

வியாழக்கிழமை பெவர்லிக்கு மாவட்டக் கூட்டம். திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

"எப்படிப் போச்சு?"

"நல்லாப் போச்சு. பிஸ்கட் குடுத்தாங்க."

"என்ன கேட்டாங்க?"

"பிள்ளைங்க கேக்கறதுதான்."

அவ்வளவுதான். செய்தி பார்க்க உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் காலையில் பள்ளி அலுவலகத்து மாக்ஸின் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். மாக்ஸினுக்கு அந்தக் கட்டடத்தில் நடப்பது எல்லாம் தெரியும். தெரிந்ததை வைத்துக்கொள்ளத் தெரியாது.

"உன் வீட்டுக்காரர் இவ்வளவு நாள் எங்க ஒளிஞ்சிக்கிட்டிருந்தாரு? நாலாம் வகுப்புல ஒரு இருமல் இல்ல நேத்து. அந்தக் கேலம் பய கூட நாற்காலியைச் சாய்க்கல. டாம்சின் அழுதுட்டா."

"அவ எதுக்குத்தான் அழல? ஸ்டேப்லர் ஒடைஞ்சப்பவும் அழுதா."

"வீட்டுலயும் இப்படித்தான் பேசுவாரா?"

"வீட்டுல பேசின மிச்சத்தைத்தான் அங்க பேசியிருப்பாரு" என்றாள் பெவர்லி.

பொய் சொன்ன வாய் கசந்தது. நடைகூடத்தில் நாலாம் வகுப்பு ஸுனைரா மெஹ்மூத் வழிமறித்து, "மிஸ், மிஸ்டர் ஹோல்ராய்ட் மறுபடி எப்ப வருவாரு?" என்று கேட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் எந்தப் பிள்ளையும் பித்தளை விளக்கு மறுபடி எப்போது வரும் என்று கேட்டதில்லை.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவள் நெவிலைச் சுற்றிச்சுற்றி வந்தாள். தோட்டத்தில் வெங்காயப் பாத்தி கொத்தும்போது தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். காரில் போகும்போது வானொலியை அணைத்துப் பார்த்தாள். அவன் வெங்காயத்தைப் பற்றிப் பேசினான். பக்கத்து வீட்டுப் பூனையைப் பற்றிப் பேசினான். நேரடியாகக் கேட்டிருக்கலாம். ஆனால் முப்பத்தொரு வருடம் ஒரே கட்டிலில் படுத்தவனிடம், பக்கத்து வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொன்னதை எனக்கும் சொல் என்று கையேந்த அவளுக்கு நாக்கு எழவில்லை.

திங்கட்கிழமை ஒரு வழி தோன்றியது. பாடப் பொறுப்பாளர் பருவத்துக்கு ஒருமுறை மற்ற வகுப்புகளின் நோட்டுகளை வாங்கிப் பார்ப்பது வழக்கம். ஆறு நோட்டு போதும்: நன்றாக எழுதுகிற இரண்டு, சுமாராக இரண்டு, திணறுகிற இரண்டு. பெவர்லி டாம்சினிடம் போய் மொத்த வகுப்பு நோட்டையும் கேட்டாள்.

"இருபத்தொம்பதுமா?" டாம்சினின் தோடுகள் ஆடின. "எடுத்துக்குங்க. இன்னும் திருத்தல, பரவாயில்லையா?"

"பார்க்கத்தானே போறேன்."

மூன்றரை மணிக்குப் பிள்ளைகள் போனதும், தன் வகுப்பறையில், முழங்கால் நெஞ்சில் இடிக்கிற குட்டி நாற்காலியில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு நோட்டிலும் ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் அவள் கணவன் பெயர், விதவிதமான எழுத்துப்பிழைகளோடு. படமும் வரைந்திருந்தார்கள். வழுக்கையைச் சிலர் பெரிதாக்கியிருந்தார்கள்.

'மிஸ்டர் ஹோல்ராய்டுக்கு மதம் கிடையாது. ஆனால் தினமும் காலையில் கெட்டில் கொதிக்கும்போது நன்றி சொல்வார். வாய்விட்டுச் சொல்வார்.'

'யாருக்குச் சொல்றீங்கன்னு ஆதம் கேட்டான். தெரியலன்னு சொன்னார். சொல்லாம டீ குடிச்சா மரியாதையா இருக்காதுன்னு சொன்னார்.'

'செத்ததுக்கு அப்புறம் ஒண்ணும் இல்லைன்னு நினைக்கிறார். ஆனா தப்பா இருந்தாலும் பரவாயில்லையாம்.'

பெவர்லி முதல் நோட்டை மூடிவிட்டு மறுபடி திறந்தாள். காலை ஆறு மணிக்கு நெவில் கீழே இறங்குவான், கெட்டிலைப் போடுவான். அவள் குளித்து, தலை வாரி, உதட்டுக்குப் பூசிக்கொண்டு அரைமணி கழித்துப் போனால் மேஜையில் தேநீர் இருக்கும். முப்பத்தொரு வருடம். கணக்கு வகுப்பில் பெருக்கல் சொல்லித்தருகிறவள், பதினோராயிரம் சொச்சம் காலைகள் என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தாள். மாடியில் அவள் சீப்பைத் தேடிக்கொண்டிருந்த நேரத்திலெல்லாம் கீழே இது நடந்திருக்கிறது.

கேலம் எழுதியிருந்தான்: 'மிஸஸ் ஹோல்ராய்டுக்குத் தெரியுமான்னு கேட்டோம். அவளுக்குத் தெரியாது, தெரிஞ்சா இதை எந்தப் பெட்டியில வைக்கறதுன்னு கேப்பான்னு சொன்னார். எல்லாரும் சிரிச்சோம். மிஸ் டாம்சினும் சிரிச்சாங்க.'

பெவர்லியின் காது சூடானது. டாம்சின் சிரித்தது அவளுக்குக் கண்முன்னே தெரிந்தது, தோடு ஆட ஆட.

கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் ஸுனைராவின் நோட்டு. குண்டுகுண்டான எழுத்து, கோடு தாண்டாமல். 'நன்றி சொல்லி முடிச்சதும் கடைசியில ஒரு பேர் சொல்வாராம். தினமும் அதே பேர். யார் பேர்னு கேட்டோம். அது மட்டும் எனக்குன்னு சொல்லிட்டார்.'

பெவர்லி மற்ற நோட்டுகளைத் திரும்பப் புரட்டினாள். பேர் என்ற சொல்லை இப்போதுதான் தேடினாள். ஒருவன் அது அவருடைய நாய் என்று ஊகித்திருந்தான். நெவிலுக்கு நாய் இருந்ததே இல்லை. ஒருத்தி, கடவுள்தான், ஆனால் அவருக்குக் கூச்சம் என்று எழுதியிருந்தாள். ஒருத்தி 'மிஸஸ் ஹோல்ராய்ட்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு இதயம் போட்டிருந்தாள். பெவர்லி அந்தப் பக்கத்தை அவசரமாகத் தள்ளினாள். அது குழந்தைத்தனம். நெவிலின் தம்பி ராய் நாற்பது வயதில் செத்தவன். அவன் பேராக இருக்கலாம். அம்மா பேராக இருக்கலாம். பணிமனைச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்த பாலின் என்ற ஒருத்தி இருந்தாள். பெவர்லியைப் பார்ப்பதற்கு முன்னால் அவளோடு இரண்டு வருடம் நடனத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை இன்னமும் வரும், 'நெவிலுக்கும் குடும்பத்துக்கும்' என்று. குடும்பத்துக்குப் பேர் இல்லை.

அடுத்து அவள் செய்தது, அந்தப் பள்ளியில் எந்த ஆசிரியரும் செய்யக் கூடாதது. அடுத்தவர் வகுப்பு நோட்டில் கை வைக்கக் கூடாது. ஆசிரியர் பச்சை மையில் கேள்வி எழுதுவார். பிள்ளை மறுநாள் ஊதா மையில் பதில் எழுதியே ஆகவேண்டும். அது அந்தந்த ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் உள்ள ஏற்பாடு. பெவர்லி பச்சைப் பேனாவை எடுத்தாள். ஸுனைராவின் பக்கத்து அடியில், கரும்பலகையில் எழுதுகிற அதே அழகான கையெழுத்தில் எழுதினாள்:

'யாருடைய பெயர் என்று நினைக்கிறாய்? காரணம் கூறு.'

எழுதிய பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று பார்த்தாள். பச்சை மை அழியாது. தனியாக இது ஒன்று மட்டும் இருந்தால் கண்ணை உறுத்தும் என்று இன்னும் நாலைந்து நோட்டிலும் ஏதோ கேட்டு வைத்தாள். 'எல்லாருமே கெட்டிலுக்கு நன்றி சொல்லணும்' என்று ஒருவன் எழுதியதில், கை பழக்கத்தில், 'சிலர்' என்று சேர்த்தாள். செவ்வாய்க்கிழமை மாலை நோட்டுகளை டாம்சினிடம் திருப்பிக் கொடுத்தாள்.

புதன்கிழமை மதிய இடைவேளையில் டாம்சின் அவள் அறைக்கு வந்தாள். கையில் ஒரே ஒரு நோட்டு. கதவைச் சாத்திவிட்டு நின்றாள்.

"பிள்ளைங்க காலையில பதில் எழுதினாங்க. பச்சை மை யாரோடதுன்னு நான் கேக்கல."

"கேக்கலாமே."

"வேண்டாம், பெவர்லி." அவள் நோட்டை மேஜையில் வைத்தாள். "நீங்க இதைப் பார்க்கணும்னு ஸுனைரா சொன்னா. எனக்கு ஒண்ணு சொல்லணும். அவரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கேட்டிருக்கணும். எப்படியும் உங்களுக்குத் தெரிஞ்சதைத்தானே சொல்லப்போறாருன்னு விட்டுட்டேன்."

"தெரியும்" என்றாள் பெவர்லி. "தெரியாம என்ன."

"அப்ப சரி." டாம்சின் கொஞ்சம் தயங்கினாள். அவள் கண்ணில் இரக்கம் மாதிரி ஒன்று வந்தது. அவள் சண்டைக்கு வந்திருந்தால் பெவர்லி சமாளித்திருப்பாள்.

தனியானதும் நோட்டைத் திறந்தாள். பச்சை மைக்குக் கீழே ஊதா மை:

'எனக்குத் தெரியாது மிஸ். உங்க கையெழுத்து எனக்குத் தெரியும். நீங்கதான் அவர்கூட ஒரே வீட்டுல இருக்கீங்க. நீங்க கேட்டு எனக்குச் சொல்லுங்க. காரணத்தையும் கேளுங்க.'

வியாழக்கிழமை காலை நெவில் படியிறங்கிய சத்தம் அடங்கியதும் பெவர்லி எழுந்தாள். தலை வாரவில்லை. உதட்டுக்குப் பூசவில்லை. ஐந்தாவது படி கிறீச்சிடும் என்று அதைத் தாண்டி இறங்கினாள். சமையலறைக் கதவு பாதி திறந்திருந்தது.

அவன் கெட்டிலில் தண்ணீர் பிடித்து, விசையைத் தட்டிவிட்டு, ஜன்னலைப் பார்த்து நின்றான். இரண்டு கைகளும் மேடைமேல் இருந்தன. பழைய ஸ்வெட்டரின் முழங்கை தேய்ந்து உள்சட்டை தெரிந்தது. கெட்டில் முனக ஆரம்பித்தது. பெவர்லி மூச்சை அடக்கிக்கொண்டாள். தண்ணீர் சத்தம் கூடக்கூட அவன் தலையைக் கொஞ்சம் குனிந்தான். அவளால் அந்த உதடுகளைப் பார்க்க முடியவில்லை. அரை அடி நகர்ந்தாள்.

நெவில் திரும்பிவிட்டான்.

"சீக்கிரம் எழுந்துட்டே."

"தண்ணி குடிக்க வந்தேன்."

கெட்டில் கொதித்து, விசை தானாகத் தெறித்து அடங்கியது.

"இன்னிக்குச் சொல்லலையா?" என்றாள்.

அவன் அவளையே பார்த்தான். பிறகு அலமாரியிலிருந்து இரண்டு கோப்பைகளை எடுத்தான். "நோட்டைப் படிச்சுட்டே."

"அது என் வேலை."

"இருபத்தொம்பதுமா?"

"இருபத்தொம்பதும்." உள்ளே வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் பிள்ளைங்களுக்குச் சொல்லத் தெரிஞ்சுது உனக்கு. அந்தக் கேலமுக்குச் சொன்னே. மூக்கை நோண்டிக்கிட்டே கேட்டிருப்பான் அவன்."

"நோண்டிக்கிட்டுத்தான் கேட்டான்." அவன் தேநீர்ப் பையை அமுக்கினான். "ஆனா கேட்டான்."

"இப்ப நான் கேக்கறேன்."

"பெட்டி கொண்டுவந்திருக்கியா?"

"நெவில், விளையாடாதே."

"விளையாடல பெவ்." அவளுடைய கோப்பையில் பால் ஊற்றி, அரைக் கரண்டி சர்க்கரை போட்டு, கலக்கி, அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். கோப்பையின் பிடியைத் திருப்பி, அவள் வலது கைக்கு வாகாக வைத்தான். தினமும் அப்படித்தான் இருக்கும். அவன் அப்படி வைப்பதை இன்றைக்குத்தான் பார்த்தாள். "நன்றி சொல்றது பெரிய விஷயம் இல்ல. யாராவது நின்னு பார்த்தா வராது, அவ்வளவுதான். குளியலறைக்குள்ள பாடற மாதிரி."

"நன்றியை நான் கேக்கல."

அவன் பால் புட்டியை மூடிக் குளிர்பெட்டியில் வைத்தான்.

"கடைசியில ஒரு பேர் சொல்வியாம். தினமும்." குரலைப் பாடம் எடுக்கிற குரலாக வைத்துக்கொள்ளப் பார்த்தாள், வரவில்லை. "ஸுனைரான்னு ஒரு பொண்ணு எனக்குக் கேள்வி எழுதியிருக்கா. நான் பதில் எழுதணும். என்ன எழுதட்டும்?"

"அவகிட்ட அன்னிக்கே சொன்னேனே. அது எனக்குன்னு."

"அவ வெளி ஆள். நானும் அவளும் ஒண்ணா?"

நெவில் தன் கோப்பையை எடுத்து ஊதினான். வெளியே பக்கத்து வீட்டுப் பூனை மதிலில் ஏறி, ஈரத்தைப் பார்த்து, ஒவ்வொரு காலாகத் தூக்கி உதறியது. அவன் அதைப் பார்த்தான். பெவர்லி அவன் பார்ப்பதைப் பார்த்தாள்.

"ராயா?" என்றாள்.

அவன் மறுபடி கோப்பையை ஊதினான்.

"உங்க அம்மாவா?"

தேநீரை ஒரு வாய் குடித்தான்.

மூன்றாவது பேர் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லிவிட்டால், இவ்வளவு வருடமாக அந்த வாழ்த்து அட்டையை அவள் எத்தனை முறை திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறாள் என்பதும் அவனுக்குத் தெரிந்துபோகும். நாலாவது பேர் ஒன்றும் இருந்தது, ஒரு குழந்தை இதயம் போட்டு எழுதியது. அதைக் கேட்டு, அவன் இல்லை என்று தலையசைத்துவிட்டால் அதற்குப் பிறகு இந்தச் சமையலறையில் எப்படி நிற்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டையும் விழுங்கினாள்.

"யாரு பேரு, நெவில்?"

கெட்டிலுக்குள் மிச்சத் தண்ணீர் ஒருமுறை களகளத்து ஓய்ந்தது. நெவில் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பூனை போன பிறகும் மதிலையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் கோபம் இல்லை. மறைக்கிற ஆளின் முகமாகவும் இல்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அவள் நின்றாள். தேநீர் மேலே மெல்ல ஆடை கட்டுகிற வரைக்கும் நின்றாள். பிறகு கோப்பையை எடுத்துக்கொண்டு, தலை வார மாடிக்குப் போனாள்.